தூத்துக்குடிக்கு நாங்கள் அனுப்பிய ஆறு பெட்டிகள்

"முத்து எடுக்கிற ஊருக்குப் போகிறீர்கள். வெறுங்கையோடு திரும்பாதீர்கள்" என்றார் எங்கள் கிளப் தலைவர் லிம். அங்கே முத்துக்குளிப்பு நின்று பல வருடங்கள் ஆகிவிட்டன, இப்போது சங்குதான் எடுக்கிறார்கள் என்றேன். "அப்படியானால் ஒரு சங்கு கொண்டு வாருங்கள். அதோடு ஒரு பக்க அறிக்கையும்" என்று சிரித்தார்.

அந்த ஒரு பக்கத்துக்காகத்தான் இந்தப் பயணம். நான் மலேசியாவில், தைப்பிங்கில் இருப்பவள். மருத்துவமனை ஒன்றில் கருவிகளைப் பழுது பார்க்கும் பிரிவில் முப்பது வருடம் வேலை பார்த்துவிட்டு ஓய்வு பெற்றேன். வீட்டில் சும்மா உட்கார முடியாமல் ஊரில் இருந்த சேவை கிளப்பில் சேர்ந்தேன். ரத்ததான முகாம், பள்ளிக்கூடத்துக்குப் புத்தகப் பை, வெள்ளம் வந்தால் போர்வை என்று போய்க்கொண்டிருந்தது. மூன்று வருடத்துக்கு முன்பு முதல் முறையாக ஒரு வெளிநாட்டுத் திட்டத்தில் கை வைத்தோம். தூத்துக்குடியில் சங்கு குளிப்பவர்களுக்குப் படகிலேயே வைத்துக்கொள்ள, சிலிண்டரும் முகமூடியும் அடங்கிய ஆக்ஸிஜன் பெட்டி வேண்டும் என்று அந்த ஊர் கிளப் கேட்டிருந்தது. ஐரோப்பாவிலிருந்து இன்னொரு கிளப்பும் சேர்ந்துகொண்டது. பெட்டிகளைத் தேர்ந்தெடுத்து வாங்கியது அவர்கள்.

சங்கு குளிப்பவர்கள் படகில் ஒரு கம்ப்ரெஸர் வைத்திருப்பார்கள். அதிலிருந்து போகும் நீளமான டியூபைப் பல்லில் கடித்துக்கொண்டு, கடலடியில் மணிக்கணக்காக நடந்து சங்கு பொறுக்குவார்கள். அவ்வளவு நேரம் ஆழத்தில் இருந்துவிட்டுச் சட்டென்று மேலே வந்தால் ரத்தத்தில் காற்றுக் குமிழிகள் உண்டாகும். மூட்டு வலிக்கும், கால் மரத்துப்போகும். சிலர் அதற்குப் பிறகு எழுந்து நடப்பதே இல்லை. மேலே வந்த உடனே ஆக்ஸிஜன் கொடுத்தால் பாதிப்பு குறையும். கரைக்கு வரவே ஒரு மணி நேரம் ஆகும் என்பதால் ஆக்ஸிஜன் படகில் இருக்க வேண்டும்.

பெட்டியின் விவரத் தாள்கள் வந்தபோது, கருவி தெரிந்தவள் என்று என்னிடம்தான் கொடுத்தார்கள். அழுத்தம், குழாய், முகமூடி அளவு எல்லாம் பார்த்துக் கையெழுத்துப் போட்டேன். ஆறு பெட்டிகள் போயின. மாலையும் ரிப்பனுமாக அழகான போட்டோக்கள் வந்தன. இப்போது கடலுக்கு அந்தப் பக்கம், இலங்கையின் மன்னார்க் கரையில் குளிப்பவர்களுக்கு இதே பெட்டியில் இருபது அனுப்பலாமா என்று சனிக்கிழமை கூட்டத்தில் ஓட்டெடுப்பு. அதற்கு முன் ஒருவர் நேரில் போய்ப் பார்த்துவிட்டு, நல்லபடியாக நடக்கிறது என்று எழுத வேண்டும்.

புதன்கிழமை காலை பொன்ராஜ் என்னை அழைக்க வந்திருந்தார். தூத்துக்குடி கிளப்பில் இந்தத் திட்டத்தைப் பார்த்துக்கொள்பவர் அவர். படகுக்கான கயிறு, பெயிண்ட், நங்கூரம் விற்கும் கடை வைத்திருக்கிறார். என்னைவிட ஏழெட்டு வயது இளையவர். ஆனால் ஊரே அவரை அண்ணாச்சி என்று கூப்பிட்டதால் மதியத்துக்குள் நானும் அண்ணாச்சி என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டேன். அவர் என்னை அக்கா என்றார். அண்ணாச்சிக்கு நான் அக்காவான உறவுமுறை எங்கள் இருவருக்குமே இடிக்கவில்லை.

"வெயிலப் பாத்து பயந்துராதியக்கா. சாயங்காலம் காத்து வந்துரும்" என்றார். காற்று வந்தது. கூடவே புழுதியும் வந்தது. எங்கள் ஊரில் மழை கேட்காமல் வரும். இங்கே புழுதி அப்படி வருகிறது. முகத்தைத் துடைத்தால் கைக்குட்டையில் கறுப்பாக ஒட்டியது. நாக்கை உதட்டில் ஓட்டினால் உப்புக் கரித்தது.

துறைமுகத்தைக் காட்டுகிறேன் என்று காரில் அழைத்துப் போனார். பாதி வழியில் நின்றுவிட்டோம். காற்றாலையின் இறக்கை ஒன்றை ஏற்றிய லாரி ஒரு முனையில் திரும்ப முடியாமல் சாலையை முழுதாக அடைத்துக்கொண்டிருந்தது. அந்த இறக்கையின் நுனி எங்கே முடிகிறது என்று பார்க்கவே நான் காரை விட்டு இறங்கி நடக்க வேண்டியிருந்தது. அண்ணாச்சியும் இறங்கினார். லாரிக்காரருக்கு வழி சொல்ல ஏற்கெனவே பத்துப் பேர் இருந்தார்கள். இவர் பதினோராவது ஆள். "பைய ஒடிங்க, பைய ஒடிங்க, அங்கன போஸ்ட் மரம் நிக்குல்லா!" என்று கத்தினார். ஒரு வழியாக லாரி திரும்பியபோது எல்லோரும் தாங்களே திருப்பியது போல் சிரித்தபடி கலைந்தார்கள். துறைமுகத்தை அன்றைக்குப் பார்க்கவே இல்லை.

மில்லர்புரத்தில் அவர் வீட்டு மாடி அறையில் எனக்கு இடம். இரவுச் சாப்பாட்டுக்குப் பொரித்த பரோட்டா வாங்கி வந்தார். எங்கள் ஊரில் ரொட்டி சானாய் காலைச் சாப்பாடு. பருப்புக் குழம்பில் தொட்டுச் சாப்பிடுவோம். இங்கே அதன் சொந்தக்காரன் எண்ணெயில் மூழ்கி எழுந்து, அப்பளம் மாதிரி நொறுங்கி, சால்னாவில் ஊறிக் கிடந்தான். இது காலையில் கிடைக்குமா என்று கேட்டேன். அண்ணாச்சியின் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "காலைல பரோட்டாவா? மலேசியாவுல வயித்துக்கு என்ன சிமெண்டா பூசியிருக்கியக்கா?"

வியாழக்கிழமை திரேஸ்புரம் போனோம். சங்கு குளிப்பவர்களின் படகுகள் அங்கேதான் நிற்கின்றன. அவர்கள் கூடிப் பேசுவதற்கு ஓர் அறை வைத்திருக்கிறார்கள். சுவரில் மாதா படம், கீழே கண்ணாடி அலமாரி, அலமாரிக்குள் எங்கள் ஆறு ஆரஞ்சுப் பெட்டிகள். ஒவ்வொன்றிலும் மூன்று கிளப்புகளின் பெயர். ஒரு தூசி இல்லை, ஒரு துளி எண்ணெய்க் கறை இல்லை.

எனக்கு முதலில் பெருமையாகத்தான் இருந்தது. மாலை போட்டார்கள், போட்டோ எடுத்தார்கள். அதற்குப் பிறகுதான் மனதுக்குள் ஏதோ உறுத்தியது. முப்பது வருடம் கருவிகளோடு பழகியவள் நான். தினமும் வேலை செய்கிற கருவி அழுக்காக இருக்கும். இவை படகில் போய் வருகிற பெட்டிகளாகத் தெரியவில்லை.

"ஒன்றைத் திறந்து பார்க்கலாமா?" என்று கேட்டேன்.

படகுக்காரர் சேவியர் திரும்பி அண்ணாச்சியைப் பார்த்தார். சேவியருக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். அகலமான தோள். "சாவி வீட்டுல கெடக்கு" என்றார். "மொதல்ல சாப்பிட வாங்க. ஜெனோவா காலைலேருந்து அடுப்படிய விட்டு வரல."

ஜெனோவா அவர் மனைவி. சீலா மீன் குழம்பும் கணவாய் வறுவலும் வைத்திருந்தார். கணவாயை நாங்களும் தின்போம். ஆனால் இவ்வளவு மிளகு போட்டு, இவ்வளவு மெத்தென்று நான் தின்றதில்லை. பரிமாறும்போது அவர் என்னைப் பார்ப்பதும், பக்கத்தில் இருந்த தன் தம்பி ஜூடைப் பார்ப்பதுமாக இருந்தார். ஜூடுக்கு முப்பது வயது. சேவியரோடு அதே படகில் குளிப்பவன். கடலடியில் எப்படி இருக்கும் என்று கேட்டதற்கு, "ஒண்ணும் கேக்காதுக்கா. நம்ம மூச்சு மட்டும் கேக்கும்" என்றான்.

சாப்பிட்டு முடித்ததும் சாவியை எல்லோரும் மறந்துவிட்டார்கள். நானும் வற்புறுத்தவில்லை.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் அண்ணாச்சியை எழுப்பாமல் ஆட்டோ பிடித்துத் தனியாகக் கரைக்குப் போனேன். படகுகள் கிளம்பிக்கொண்டிருந்தன. சேவியரின் படகில் கம்ப்ரெஸர் ஏறியது, சுருட்டிய டியூப் ஏறியது, குடிதண்ணீர் கேனும் சோற்றுப் பாத்திரமும் ஏறின. ஆரஞ்சுப் பெட்டி ஏறவில்லை. பக்கத்துப் படகிலும் இல்லை. அதற்கடுத்த படகிலும் இல்லை.

"பெட்டி எங்கே சேவியர்?"

அவர் கயிற்றை அவிழ்த்தபடியே, "இன்னைக்கு மறந்துட்டுக்கா" என்றார். முகத்தைத் திருப்பாமல் சொன்னார்.

படகு போனதும் வீட்டுக்குத் திரும்பினேன். மத்தியானம் மறுபடியும் கரைக்குப் போய் உட்கார்ந்தேன். படகுகள் மூன்று மணிக்கு மேல்தான் வரும் என்று சொல்லியிருந்தார்கள். சேவியரின் படகு ஒன்றரை மணிக்கே வந்தது. வந்த வேகத்தைப் பார்த்ததுமே கரையில் இருந்த பெண்கள் எழுந்துவிட்டார்கள்.

சேவியர் ஜூடைத் தோளில் தூக்கிக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் நடந்து வந்தார். ஜூடின் இரண்டு கால்களும் துணி மாதிரித் தண்ணீரில் இழுபட்டன. மணலில் படுக்க வைத்தார்கள். நான் குனிந்து அவன் பாதத்தைக் கிள்ளினேன்.

"தெரிகிறதா?"

"தெரியலக்கா. காலு எங்கன இருக்குன்னே தெரியல." அவன் அழவில்லை.

"பெட்டியைக் கொண்டு வாங்க! ஓடுங்க!" என்று கத்தினேன்.

யாரும் அசையவில்லை. சேவியர் மணலைப் பார்த்துக்கொண்டு நின்றார். இன்னொருவர் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து மறுபடியும் கட்டினார். எனக்குக் கோபம் வந்தது. "என்ன பார்த்துக்கொண்டு நிற்கிறீர்கள்?" என்றேன்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்த ஜெனோவாதான் பதில் சொன்னார். "என்னத்தக் கொண்டு வர? ரெண்டு வருசமா வெறும் பாட்டிலுல்லா அது! போட்டோ எடுக்கத்தான் ஆகும். ஏலே, நிக்கியளே, வண்டியக் கொண்டாங்கல!"

மீன் ஏற்றுகிற குட்டியானை வண்டி வந்தது. பின்னால் ஐஸ் தண்ணீர் தேங்கி நின்றது. ஒரு பாயை விரித்து ஜூடைப் படுக்க வைத்தோம். உட்காரவைக்காதீர்கள், மல்லாந்தே கிடக்கட்டும் என்று மட்டும் என்னால் சொல்ல முடிந்தது. வழி நெடுக ஜெனோவா அவன் காலைத் தேய்த்துக்கொண்டே வந்தார். நான் அவன் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு வேகத்தடையிலும் வண்டி எகிறியது. ஒரு சிறிய பெட்டி, ஒரு முகமூடி, அவ்வளவுதான் தேவை. அதை நாங்கள் அனுப்பியும் வைத்திருந்தோம். அது கண்ணாடி அலமாரிக்குள் பத்திரமாக இருந்தது.

ஆஸ்பத்திரியில் உடனே ஆக்ஸிஜன் வைத்தார்கள். டாக்டர் வந்து பார்த்தார். இரவு முழுக்கக் கவனிக்க வேண்டும், முன்னேற்றம் இல்லையென்றால் வேறு ஊருக்கு அனுப்ப வேண்டியிருக்கும் என்றார். நாங்கள் வராந்தாவில் உட்கார்ந்தோம். ஜெனோவா அழுது முடித்து முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தார்.

"நல்ல மனசோடதான குடுத்திய. அதுல நொட்டம் சொல்ல எங்களுக்கு வாய் வரலக்கா" என்றார். "வந்த பாட்டில் நெறஞ்சிதான் வந்துச்சு. மொத வருசமே ஒவ்வொண்ணா தீந்துட்டு. மூணு பேரு அதுல பொழச்சாங்க, பொய் சொல்லக் கூடாது. பெறவு நெரப்பக் கொண்டு போனா, அந்த வாய் இங்கன எதுலயும் சேரல. பெறவு எதுக்கு அத கடலுக்குத் தூக்கிட்டுப் போக? தொடச்சி உள்ள வச்சிட்டோம்."

எனக்கு உடனே விளங்கிவிட்டது. சிலிண்டரின் வாயில் இருக்கும் திருகு மரை நாட்டுக்கு நாடு வேறுபடும். ஐரோப்பாவில் வாங்கிய சிலிண்டருக்கு ஐரோப்பா மரை. கருவிப் பிரிவில் சேர்ந்த புதிதிலேயே எனக்குச் சொல்லிக் கொடுத்த பாடம் அது. விவரத் தாளில் எல்லாவற்றையும் பார்த்த நான், தீர்ந்தால் எங்கே நிரப்புவார்கள் என்ற ஒரு கேள்வியை மட்டும் கேட்கவில்லை. கேட்காமலே கையெழுத்துப் போட்டிருக்கிறேன். வராந்தாவின் அந்த பெஞ்சில் ஜெனோவாவின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கவே எனக்கு வெட்கமாக இருந்தது. அவரிடம் அதைச் சொன்னேன். அவர், "ஒங்களுக்கும் தெரியாமப் போச்சா?" என்று மட்டும் கேட்டார்.

சாயங்காலம் அண்ணாச்சி வந்தார். ஜூடைப் பார்த்தார், டாக்டரிடம் பேசினார், பழம் வாங்கிக் கொடுத்தார். பிறகு என்னை ஓரமாக அழைத்துப் போனார்.

"அக்கா, ஒண்ணு கேக்கேன், தப்பா நெனைக்காதிய. பாட்டிலு காலியாக் கெடக்குன்னு மட்டும் அந்தத் தாளுல எழுதாண்டாம். எங்க கிளப்புக்கு இதுக்காவ பாராட்டெல்லாம் குடுத்திருக்காங்க. இது வெளிய தெரிஞ்சா நாளைக்கு எவன் நம்ம ஊரு பேரச் சொன்னா உதவி செய்வான்? நான் எப்படியாவது சரி பண்ணிருதேன்."

"ரெண்டு வருசமாக ஏன் ஒரு கடிதம் எழுதவில்லை அண்ணாச்சி?"

"எப்படி எழுத? கடல் தாண்டி அனுப்பியிருக்கிய. ஒங்க பொருள் ஒதவாதுன்னு எப்படிச் சொல்ல?"

அவர் கேட்டதில் எனக்கும் ஒரு வசதி இருந்தது. அதை மறைக்க விரும்பவில்லை. எழுதாமல் விட்டால் என் கையெழுத்தைப் பற்றி யாரும் கேட்க மாட்டார்கள். லிம் கைகுலுக்குவார். இருபது பெட்டிகள் மன்னாருக்குப் போகும். அங்கேயும் யாரோ மாலை போடுவார்கள், ஒரு வருடத்தில் அங்கேயும் ஓர் அலமாரி நிறையும். நான் அண்ணாச்சிக்கு வாக்குக் கொடுக்கவில்லை. அவரும் அன்றிரவு வீட்டில் என்னோடு உட்கார்ந்து சாப்பிடவில்லை.

சனிக்கிழமை காலை ஜூடுக்கு வலது காலில் உணர்வு திரும்பியிருந்தது. இடது முழங்காலுக்குக் கீழே மட்டும் மரப்பு இருந்தது. வேறு ஊருக்கு அனுப்பத் தேவையில்லை என்று டாக்டர் சொன்னதாக ஜெனோவா போனில் சொன்னார். ஆக்ஸிஜன் நிரப்புகிற இடம் எது என்று அவரிடமே கேட்டேன். புதுக்கோட்டையில் ஒரு கடை இருக்கிறது என்றார்.

பஸ் ஸ்டாண்டில் புதுக்கோட்டை என்று பலகை போட்ட பஸ்ஸைப் பார்த்ததும் ஏறி உட்கார்ந்தேன். ஊர் எல்லை தாண்டியதும் கண்டக்டர் வந்தார். புதுக்கோட்டை பைபாஸ் பக்கம் இறக்கிவிடுங்கள் என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"எம்மா, நீங்க எந்தப் புதுக்கோட்டைக்குப் போணும்?"

"எத்தனை புதுக்கோட்டை இருக்கிறது?"

"இந்தா இருக்க நம்ம புதுக்கோட்டைக்குன்னா திருநெல்வேலி பஸ்ஸுல்லா ஏறணும்! இது அந்தப் புதுக்கோட்டை ஜில்லாவுக்குப் போற வண்டி. சாயங்காலம்தான் போய்ச் சேரும். எறங்குங்க, எறங்குங்க." பஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. பின் சீட்டிலிருந்த ஒரு பெண், "பாவம், சிலோன்காரவுக போல" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னது என் காதில் விழுந்தது. நெடுஞ்சாலையில் இறங்கி, எதிர்ப்பக்கம் போய், உப்பு மூட்டை ஏற்றி வந்த வேனில் இடம் கேட்டு ஊருக்குத் திரும்பினேன். மறுபடியும் பஸ் ஸ்டாண்ட். இந்த முறை ஏறுவதற்கு முன் மூன்று பேரிடம் கேட்டேன்.

ஆக்ஸிஜன் கடைக்காரர் என் போனில் இருந்த விவரத் தாளின் சிலிண்டர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். "இது தெரியுமே. ரெண்டு வருசம் முன்ன சேவியரு தூக்கிட்டு வந்தாரு. இந்த மரை நம்மகிட்ட கெடையாது. அப்படியே இருந்தாலும் நம்ம ஊரு முத்திரை இல்லாத பாட்டிலுல நெரப்பக் கூடாது, சட்டம்."

"அப்படியானால் அவர்கள் என்ன செய்திருக்கலாம்?"

"இங்கனயுள்ள பாட்டில் ஒண்ணு எடுத்திருக்கலாம்லா. காலியக் கொண்டாந்தா நெறஞ்சதத் தூக்கிட்டுப் போவலாம். அதையும் சொன்னேன். வெளிநாட்டுக்காரவுக ஆசையாக் குடுத்தத மூலைல போட்டுட்டு வேற எடுத்தா, அவுக மொகத்துல அடிச்ச மாதிரி இருக்கும்னு சொல்லிட்டுப் போயிட்டாரு."

நான் வாசலில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தேன். எங்களுடைய மனம் நோகக் கூடாது என்பதற்காக அவர்கள் தங்கள் கால்களைப் பணயம் வைத்திருக்கிறார்கள்.

அப்போது ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. அண்ணாச்சி. ஹெல்மெட்டைக் கழற்றினார், முகமெல்லாம் வியர்வை. "வேற புதுக்கோட்டைக்குப் பஸ் ஏறிட்டியளாம்? பஸ் ஸ்டாண்டுல சொன்னாங்க" என்றார். அவர் சிரிக்க முயன்றார், வரவில்லை. "ராத்திரி தூக்கம் இல்லக்கா. அந்தப் பையன் காலே கண்ணுல நிக்கி. நீங்க என்ன வேணும்னாலும் எழுதுங்க. நான் கூட இருக்கேன்."

சாயங்காலக் கூட்டத்துக்கு அண்ணாச்சியின் கடையிலிருந்தே வீடியோவில் பேசினேன். சுற்றிலும் கயிற்றுச் சுருள்கள், பக்கத்தில் அண்ணாச்சி. தைப்பிங்கில் இரவாகிவிட்டது. எல்லோரும் சாப்பிட்டு முடித்து நல்ல மனநிலையில் இருந்தார்கள். நான் சுற்றி வளைக்காமல் சொன்னேன். ஆறும் காலி. நிரப்ப வழியில்லை. வாங்கும்போது அதைக் கேட்டிருக்க வேண்டியவள் நான், கேட்கவில்லை. நேற்று ஒருவருக்கு அதனால் உதவ முடியாமல் போனது.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் எங்கள் கிளப்பில் உண்டு. அவர் ஆங்கிலத்தில் கேட்டார்: "அப்படியானால் நம் ஆண்டு மலரில் நாம் அச்சிட்ட படம் காலி பாட்டில்களின் படமா?"

"அந்தப் படம் எடுத்த அன்று நிறைந்திருந்தன. அதற்குப் பிறகு நாம் கேட்கவே இல்லை" என்றேன்.

அண்ணாச்சி போனுக்கு முன்னால் குனிந்தார். தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், நிறுத்தி நிறுத்தி, தவறில் பாதி தன்னுடையது, உண்மையைச் சொல்லாமல் மறைத்தது தானே என்றார். சொல்லிவிட்டு நெற்றியைத் துடைத்துக்கொண்டார். பிறகு லிம் என்னிடம் கேட்டது எனக்கு ஆறுதலாக இருந்தது: "மன்னாரில் என்ன பாட்டில் நிரப்புகிறார்கள்?"

"எனக்குத் தெரியாது. அவர்களைத்தான் கேட்க வேண்டும்."

இருபது பெட்டிகளை நிறுத்திவைப்பது என்று முடிவாயிற்று. எல்லோரும் கை தூக்கவில்லை. இரண்டு பேர் இதனால் கிளப்பின் பெயர் கெடும் என்று முணுமுணுத்தார்கள். தூத்துக்குடிக்கு வேறு சிலிண்டர் வாங்க உதவட்டுமா என்று லிம் கேட்டபோது அண்ணாச்சி தலையை ஆட்டி மறுத்தார். "பாட்டில நாங்களே பாத்துக்கிடுதோம்னு சொல்லுங்கக்கா" என்றார். நான் மொழிபெயர்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை யாரும் கடலுக்குப் போவதில்லை. மாதா கோயிலில் பூசை முடிந்து எல்லோரும் ஜூடைப் பார்க்க ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். வார்டில் மக்ரூன் டப்பா ஒன்று கைமாறிக்கொண்டே இருந்தது. முந்திரியும் சர்க்கரையும் முட்டை வெள்ளையும் சேர்ந்த அந்தப் பண்டம், வாயில் வைத்ததும் காணாமல் போய்விடுகிறது. ஜூடு நான்கு தின்றான். இடது காலை இழுத்து இழுத்துக் கட்டிலிலிருந்து ஜன்னல் வரை நடந்து காட்டினான். இனிமேல் எப்போது குளிக்கலாம் என்று டாக்டரிடம் கேட்டானாம். அவர் திட்டியதை அவனே நடித்துக் காட்டினான்.

திங்கட்கிழமை நான் கிளம்பும் நாள். காலையில் அண்ணாச்சி தன் காரிலேயே உள்ளூர் சிலிண்டர்கள் இரண்டை, அவற்றுக்குரிய மீட்டரோடு கொண்டு வந்தார். எங்கள் பெட்டியிலிருந்த முகமூடிகளும் குழாய்களும் நன்றாகவே இருந்தன, அவற்றை மட்டும் எடுத்துக்கொண்டோம். படகில் கம்ப்ரெஸரிலிருந்து தள்ளி, முன்பக்கத்தில் சிலிண்டரைக் கட்டச் சொன்னேன். எண்ணெய்க் கையோடு தொடக் கூடாது, பக்கத்தில் பீடி பற்றவைக்கக் கூடாது என்று இரண்டு முறை சொன்னேன். சேவியர் சோப்புப் போட்டுக் கை கழுவிக்கொண்டு வந்து, ஒரு குழந்தையை வாங்குவது போல் முகமூடியை வாங்கிக்கொண்டார். அவருக்கு இதுவரை கடலில் ஒன்றும் ஆனதில்லை. அதனால் இதை ஒரு முறைகூட முகத்தில் வைத்துப் பார்த்ததில்லை.

நான் வால்வைத் திறந்தேன். அவர் மூன்று முறை மூச்சு இழுத்தார். பிறகு முகமூடியைக் கழற்றி, என் முகத்தைப் பார்க்கச் சங்கடப்பட்டு, அண்ணாச்சியிடம் மெதுவாகச் சொன்னார்.

"அண்ணாச்சி, இதுவும் காலிதான் போல."

மீட்டரைப் பார்த்தேன். முள் உச்சியில் நின்றது. "எதனால் அப்படிச் சொல்கிறீர்கள்?"

"ஒண்ணும் வரலியேக்கா. வாடையே இல்ல."

"என்ன வாடை?"

"டீசல் வாடைதான். கம்ப்ரெஸரு பக்கத்துல இஞ்சின் ஓடும்லா, அந்தப் பொகையும் சேந்துதான் டியூப்புல வரும். வாடை வந்தாத்தான் எங்களுக்குக் காத்து வருதுன்னு தெரியும். நின்னு போச்சுன்னா மேல ஏறிருவோம்."

நான் அவர் கையைப் பிடித்து, முகமூடியோடு சேர்ந்திருந்த பை ஆக்ஸிஜனால் புடைத்து நிற்பதைத் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். தொட்டார். மறுபடியும் முகமூடியை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு இழுத்தார். இந்த முறை நிறுத்தவே இல்லை. அவர் தோள்கள் மெல்லத் தாழ்ந்தன.

கரையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த ஜெனோவா கத்தினார். "ஏங்க, நீங்களே குடிச்சுத் தீத்துராதிய! அடுத்த ஆளுக்குக் குடுங்க!"

சேவியர் கழற்றிக் கொடுத்தார். அடுத்த ஆள் கையைக் கழுவப் போயிருந்தான். அவனுக்குப் பின்னால் இன்னும் ஏழெட்டுப் பேர், சோப்புக்காக வரிசையில் நின்றார்கள்.